ரோடு பைக் பழைய சாமானை எங்கே விற்கலாம்? கேரோசல், கடை, குழு மூன்றும் பார்த்தாகிவிட்டது

சிங்கப்பூரில் ரோடு பைக், அதாவது சாலையில் வேகமாக மிதிக்கும் சைக்கிள், ஓட்டுகிறவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி கட்டாயம் இருக்கும். பாதி தேய்ந்த கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), மாற்றிப் போட்ட பிரேக், ஒத்துவராத சேடில் (இருக்கை), எதற்கு வாங்கினோம் என்றே நினைவில்லாத ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு). அதைக் காசாக்க இங்கே மூன்று வழி இருக்கிறது. பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலி, சைக்கிள் கடை, அப்புறம் நாம் சேர்ந்து ஓட்டும் ஆட்களின் டெலிகிராம், வாட்ஸ்அப் குழு. மூன்றிலும் விற்றிருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்னப் பாகங்களுக்கு கேரோசல், அவசரமாகப் போக வேண்டிய முழு வண்டிக்குக் கடை, நல்ல சாமானுக்குக் குழு. எந்த வழியில் போனாலும் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "எங்கே செய்தது?" என்றுதான். அந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு நல்ல விலை கிடைக்கிறது, அதனால் அதைப் பற்றியே இங்கே கொஞ்சம் அதிகமாக எழுதுகிறேன்.

கேரோசல் இந்த ஊரிலேயே பிறந்தது, 2012ல் என்யுஎஸ் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று பேர் தொடங்கியது. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடிய பிறகு, பழைய சாமான் என்றாலே கை போனுக்குத்தான் போகிறது. ரோடு பைக் பாகங்களுக்கு இது இவ்வளவு நன்றாக ஒத்துவரக் காரணம், ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் எண் இருப்பதுதான். பத்து கியர் காலத்து இடது ஷிஃப்டர் (கியர் மாற்றும் நெம்புகோல்) மட்டும் உடைந்துபோன ஒருவர் ஈசூனில் இருப்பார், அதே ஷிஃப்டர் உங்கள் பெட்டியில் சும்மா கிடக்கும், அந்த எண்ணைத் தலைப்பில் போட்டுவிட்டால் அவரே தேடிக் கண்டுபிடித்து வந்துவிடுவார். எந்தக் கடையிலும் இது நடக்காது. பொருளைப் படம் எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது, பணம் போனிலேயே பேநவ் வழியாக வந்துவிடும், ஏதாவது ஒரு எம்ஆர்டி நிலையத்தில் கையில் கொடுத்துவிடலாம். முழு வண்டி என்றால்தான் சிரமம். ரயிலில் மடக்கு சைக்கிளை மட்டுமே, அதுவும் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் ஏற்றலாம். அதனால் வாங்குகிறவர் உங்கள் புளோக்குக்கு வந்து, கீழ்த்தளத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, அப்படியே மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். வீடு செங்காங்கில், வாங்குகிறவர் ஊரின் மறுகோடியில் பூன் லேயில் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது.

அடிமாட்டு விலைக்குக் கேட்கிற ஆட்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், கேரோசலில் கொஞ்சம் கூடுதல். நீங்கள் 200 வெள்ளி என்று போட்டால் 90க்குத் தருவீர்களா, இன்றைக்கே வருகிறேன் என்பார்கள், சரி என்று சொன்னால் ஆளே காணாமல் போய்விடுவார். கோபப்பட்டுப் பயனில்லை. இப்படிப்பட்டவர்களை விலக்கிவைக்க ஒரே வழி விளம்பரத்தை நன்றாக எழுதுவதுதான். முழு மாடல் எண், எத்தனை கியர், எந்தப் பக்கம், எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பின்புற முத்திரையின் படம். "கண்டிஷன் சூப்பர்" என்று எழுதியிருந்தால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. கீறல் எங்கே என்று படம் போட்டிருக்கிறவரிடம் பேரம் பேசாமல் வாங்கியிருக்கிறேன்.

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். போன மாதம் ஒரு தம்பி ஷிமானோவின் 105 வரிசை டிரெய்லியர் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம்) பார்க்க வந்தான். கையில் எடுத்த உடனே திருப்பிப் பார்த்தான். "அண்ணே, ஜப்பான் இல்லையா? அப்ப ஒரு இருபது வெள்ளி குறைச்சுக்கலாமா?" என்றான். அவன் தவறாக எதுவும் கேட்கவில்லை, எல்லோரும் நம்புவதைத்தான் கேட்டான். ஜப்பான் முத்திரை உசத்தி, மலேசியா சுமார், சீனா வேண்டவே வேண்டாம் என்று ஒரு சாதி அடுக்கு இங்கே பழைய பாகச் சந்தையில் இருக்கிறது. அதை நான் ஏற்றுக்கொள்வதில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

ஷிமானோ 1921ல் ஒசாகாவுக்குப் பக்கத்தில் சாகாய் நகரில் தொடங்கிய நிறுவனம். கத்தியும் துப்பாக்கியும் அடித்த கொல்லர்களின் ஊர் அது, சைக்கிள் பாகத் தொழில் அங்கே வேர் பிடித்ததற்கு அந்தக் கைத்திறமைதான் காரணம். ஆனால் அவர்கள் ஜப்பானுக்கு வெளியே முதல் தொழிற்சாலையைக் கட்டியது எங்கே தெரியுமா? இங்கேதான், ஜூரோங்கில், 1973ல். நம்மில் பலருக்கு அப்பா தலைமுறையில் ஜூரோங் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள், அந்தக் காலத்திலேயே அங்கே சைக்கிள் பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. பிறகு ஜொகூரின் பொந்தியானிலும், கடல் தாண்டி பாத்தாமிலும், சீனாவின் குன்ஷானிலும் ஆலைகள் வந்தன. நாம் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் சாங்கிப் பக்கமும் மிதிக்கும் வண்டியின் பிரேக்கோ டிரெய்லியரோ ஒரு ஃபெரி தூரத்திலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சிங்கப்பூர் முத்திரை போட்ட பழைய ஷிமானோ பிரேக்குகள் இன்னமும் கச்சிதமாக வேலை செய்வதை எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறேன். எந்த ஆலையில் எந்தப் பாகம் என்பதை நிறுவனம் செலவையும் இயந்திரத்தையும் ஆர்டரையும் பார்த்து முடிவு செய்கிறது. வரைபடமும் அளவும் சோதனையும் ஒன்றுதான்.

இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. அவர்களுக்கு கிரேங்க் (பெடல் மாட்டும் கை) கதையைச் சொல்வேன். 2023 செப்டம்பரில் ஷிமானோ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2012 ஜூனிலிருந்து 2019 ஜூன் வரை தயாரான பதினோரு கியர் ரோடு கிரேங்குகளில் அல்டெக்ரா 6800, ஆர்8000, டியூரா ஏஸ் 9000, ஆர்9100, ஆர்9100பி ஆகியவற்றைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னது. உலகம் முழுக்க ஏறக்குறைய 28 லட்சம். இந்தக் கிரேங்கின் கை இரண்டு துண்டாகச் செய்து பசையால் ஒட்டியது, உள்ளே காலி, அதனால் எடை குறைவு. ஒட்டு விட்டுப்போனால் மிதிக்கும்போதே கை பிளந்துவிடும். கிரேங்க் பிரிந்ததாக 4,519 புகார்களும் ஆறு பேருக்குக் காயமும் பதிவாகியிருந்ததாக அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. இவை எல்லாம் உயர்தர வரிசை, ஜப்பானில் செய்தவை. விலை குறைந்த 105 கிரேங்க் அந்தப் பட்டியலிலேயே இல்லை. முத்திரையில் உள்ள ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

அதே முத்திரைக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும், உண்மையில் பார்க்க வேண்டியது அதைத்தான். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது எழுத்து மாதம். 2012க்கு ஆங்கில எழுத்து கே, 2013க்கு எல், அப்படியே வரிசையாகப் போனால் 2019க்கு ஆர். மாதத்துக்கு ஏ என்றால் ஜனவரி, எஃப் என்றால் ஜூன். அதாவது கே-எஃப் முதல் ஆர்-எஃப் வரை உள்ள எழுத்துகள் மேலே சொன்ன மாடல்களில் இருந்தால் அது சோதனைக்குப் போக வேண்டிய கிரேங்க். கிரேங்கின் உள்பக்கம், பெடல் போடும் இடத்துக்கு அருகே பார்த்தால் தெரியும். நான் அல்டெக்ரா கிரேங்க் விற்கும்போது இந்த எழுத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன், டீலரிடம் சோதித்த சீட்டையும் சேர்த்தே கொடுக்கிறேன். சோதிக்காத கிரேங்கை யாரிடமும் விற்கக் கூடாது, சும்மாகூடக் கொடுக்கக் கூடாது. மண்டாய் ரோட்டில் பின்னாலிருந்து லாரி வரும்போது கிரேங்க் கழன்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வாங்குகிறவர்களும் இந்த எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். 2018ல் வாங்கினேன், அதிகம் ஓட்டவில்லை என்பார்கள், எழுத்து 2014 என்று காட்டும்.

மற்ற பிராண்டுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரத்தில் எழுத இது உதவும். ஸ்ராம் அமெரிக்க நிறுவனம், சிகாகோவில் 1987ல் தொடங்கியது, ஆனால் பாகங்களில் பெரும்பகுதி தைவானின் தைச்சுங் பக்கம் தயாராகிறது, செயின் போர்ச்சுகலின் கொயிம்பிராவில். கம்பக்னோலோ இத்தாலியின் விசென்சாவில் 1933லிருந்து இருக்கிறது, ருமேனியாவிலும் அவர்களுக்கு ஆலை உண்டு. ஃபிரேம் என்றால் தைவான்தான் தலைநகரம். ஜயன்ட், மெரிடா இரண்டும் 1972ல் தொடங்கியவை, தங்கள் பெயரில் மட்டுமல்லாமல் மற்றவர்களுக்கும் செய்துகொடுத்தே வளர்ந்தவை. மெரிடா 2001ல் அமெரிக்க சைக்கிள் பிராண்டான ஸ்பெஷலைஸ்டில் பெரிய பங்கு வாங்கியது. கேஎம்சி செயின் தைனான். டயரில் கான்டினென்டல் ஜிபி5000 ஜெர்மனியின் கோர்பாக், விட்டோரியா கோர்சா தாய்லாந்து, ஷ்வால்பே இந்தோனேசியாவும் வியட்நாமும். கார்மின் கணினி தைவானில் செய்தது. கார்பன் ரிம் என்றால் சீனாவின் ஷியாமென் பக்கம் பெரிய தொழிலே நடக்கிறது, பெரிய பெயர்கள் பலவும் அங்கே செய்ய வைக்கின்றன. ஐரோப்பிய ஸ்டிக்கர் ஒட்டிய கார்பன் வீலை வாங்கிவிட்டு சீன வீலைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

இருந்தாலும் எங்கே செய்தது என்ற கேள்வியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தரம் பார்க்கக் கேட்பதைவிட, செய்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று அறியக் கேட்டால் எனக்கு இன்னும் பிடிக்கும். 2023 இறுதியில் மலேசியாவில் ஷிமானோவுக்குப் பாகம் செய்துகொடுத்த ஒரு நிறுவனத்தில் நேப்பாளத் தொழிலாளர்கள் மோசமாக நடத்தப்பட்டதாகச் செய்திகள் வந்தன. 2025 செப்டம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை, தைவானில் ஜயன்ட் செய்யும் சைக்கிள்களில் கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி அவற்றை உள்ளே விடாமல் நிறுத்தியது. ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்காக வருடக்கணக்கில் கடனில் மூழ்கிக் கிடக்கும் ஊழியர்களை நாம் இந்த ஊரில் நேரில் பார்க்கிறோம், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதெல்லாம் நமக்குப் புரியாத விஷயம் இல்லை. ஏற்கெனவே செய்து முடித்த ஒரு நல்ல டிரெய்லியர் இன்னொருவர் வண்டியில் இன்னும் பத்து ஆண்டு ஓடினால் எனக்கு அது சந்தோஷம், பழைய சாமான் விற்பதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி தேய்மானம். இந்த ஊரில் வண்டியைக் கெடுப்பது தூரம் மட்டுமில்லை, வியர்வையும் ஈரமும்கூட. வீட்டுக்குள் டிரெய்னரில் (வண்டியை நிறுத்தி ஒரே இடத்தில் மிதிக்கும் கருவி) ஓட்டுகிறவர்களின் வண்டியில் ஹேண்டில்பார் திரும்பும் இடத்து ஹெட்செட் பேரிங்கையும் ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் உள்ள அலுமினியத்தையும் பார்க்காமல் வாங்காதீர்கள். வெளியே பளபளப்பாக இருக்கும், டேப்பைப் பிரித்தால் வெள்ளையாகப் பொரிந்து அரித்திருக்கும். கார்பன் ஃபிரேமுக்குள் அலுமினிய சீட்போஸ்ட்டை கிரீஸோ பேஸ்ட்டோ இல்லாமல் வருடக்கணக்கில் விட்டிருந்தால் அது உள்ளேயே பிடித்துக்கொள்ளும், அப்புறம் அந்த ஃபிரேம் அந்த ஒரு உயரத்துக்கு மட்டும்தான். விற்கும் முன் சீட்போஸ்ட்டை ஏற்றி இறக்கி ஒரு வீடியோ எடுத்துப் போடுங்கள், கேள்வி பாதியாகக் குறையும். செயின், கேசட் விற்பதாக இருந்தால் செயின் செக்கர் வைத்து அளந்த படம் போடுங்கள். பதினொன்று, பன்னிரண்டு கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டுவிட்டால் மாற்ற வேண்டியதுதான், அதை விற்கக் கூடாது. ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) வீலில் தேய்மானக் குழி தெரிகிறதா பாருங்கள், தெரியவில்லை என்றால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. டிஸ்க் ரோட்டர் (டிஸ்க் பிரேக்கின் தட்டு) தடிமன் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5க்கு வந்துவிட்டால் ஷிமானோவே தூக்கிப்போடச் சொல்கிறது. ஜிபி5000 டயரில் தேய்மானம் காட்ட இரண்டு சின்னக் குழிகள் இருக்கும், அவை மறைந்துவிட்டால் விற்க ஒன்றுமில்லை. ஹெல்மெட்டை விற்கவே விற்காதீர்கள். விழுந்த வண்டியின் கார்பன் ஹேண்டில்பாரையும்தான், வெளியில் விரிசல் தெரியாவிட்டாலும்.

கடைகளைப் பற்றி. சில கடைகள் உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு புது வண்டி விலையில் கழித்துக்கொள்ளும், சில கடைகள் விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுக்கும். முதலாவது வசதி, ஒரே நாளில் வேலை முடியும், ஆனால் கேரோசல் விலையைவிடக் கணிசமாகக் குறையும். கடைக்காரர் அதைச் சுத்தம் செய்து, பாகம் மாற்றி, வாடகை கட்டி, லாபமும் பார்த்து விற்க வேண்டும், அதனால் நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். இரண்டாவதில் கவனம் தேவை. ஒரு கடையில் விற்றுத்தரச் சொல்லிக் கொடுத்த என் வீல்செட் மாதக்கணக்கில் பின்அறையில் பெட்டிகளுக்குக் கீழே கிடந்தது, கேட்டபோதெல்லாம் யாரும் கேட்கவில்லை என்றார்கள், திரும்ப வாங்கி குழுவில் போட்ட அதே வாரம் போய்விட்டது. கொடுப்பதாக இருந்தால் எத்தனை வாரம், எவ்வளவு கமிஷன், எங்கே மாட்டி வைப்பீர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழுதான் எனக்கு மிகவும் பிடித்த வழி. ஞாயிறு காலையில் கூட ஓட்டுகிறவருக்கு என் வண்டியை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று தெரியும், நான் எப்படி விழுந்தேன் என்பதும் தெரியும். பேரம் இருக்காது, ஏமாற்றும் இருக்காது. விலையும் நியாயமாக வரும். குறை ஒன்றுதான், ஆட்கள் குறைவு. கம்பக்னோலோ மாதிரி சிலரே பயன்படுத்தும் சாமான் என்றால் குழுவில் காத்திருந்தே வயதாகிவிடும், அதற்கு கேரோசலில் போட்டுவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும், தேடுகிறவர் ஒரு நாள் வருவார், வந்தால் நல்ல விலை தருவார்.

விலை வைப்பதற்கு என் கணக்கு இது. இன்றைக்கு அதே பொருளைப் புதிதாக இங்கே என்ன விலைக்கு வாங்கலாம் என்று பாருங்கள், நீங்கள் அன்று கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். கொரோனா காலத்தில் பாகம் கிடைக்காமல் பழையதே யானை விலைக்குப் போனது, அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்றும் விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவை அப்படியே கிடக்கின்றன. இன்னொரு பக்கம், வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைப்பது முன்னைப்போல் இல்லை. பிரிட்டனின் இணைய சைக்கிள் கடையான விகிள் 2023 அக்டோபரில் திவாலாகி நிர்வாகிகள் கைக்குப் போனது, அதே 2023 தொடக்கத்திலிருந்து 400 வெள்ளிக்குக் குறைந்த இறக்குமதிக்கும் பதிவு பெற்ற தளங்கள் ஜிஎஸ்டி போடுகின்றன, அந்த வரியும் இப்போது 9 சதவீதம். தனி ஆள் தனி ஆளிடம் விற்கும் பழைய சாமானுக்கு அந்த வரி இல்லை. சுத்தமான, தேய்மானம் குறைந்த பாகத்துக்கு இன்றைய புது விலையில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை கேட்கலாம் என்பது என் அனுபவம். டயர், செயின், கேசட்டுக்கு அதைவிட நன்றாகக் குறையுங்கள்.

ரிம் பிரேக் சாமானைத் தூக்கிப்போட நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டு கியர் 105 டிஐ2 (மின்சாரத்தில் கியர் மாறும் வகை) 2022ல் டிஸ்க் பிரேக்கோடு மட்டுமே வந்தது, புது வண்டி பெரும்பாலும் டிஸ்க் ஆகிவிட்டது, அதனால் ரிம் பிரேக் வீல்செட் விலை விழுந்துவிட்டது உண்மைதான். ஆனால் பதினோரு கியர் 105 ஆர்7000, அல்டெக்ரா ஆர்8000 ஷிஃப்டர்களையும் பிரேக் காலிப்பர்களையும் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பழைய ஃபிரேமை விட மனசில்லாதவர்கள். ஷிஃப்டரைத் தனியாக விற்காமல் ஜோடியாகப் போடுங்கள், கேபிள் போகும் வழியைச் சுத்தம் செய்து, எல்லாக் கியரும் விழுவதை வீடியோ எடுத்து, பின்புற எழுத்தோடு சேர்த்துப் போடுங்கள். வீல் என்றால் எந்த ஃப்ரீஹப் (கேசட் உட்காரும் பாகம்) என்று கட்டாயம் எழுதுங்கள். ஷிமானோ பதினோரு கியர் ஃப்ரீஹப்பில் அவர்களுடைய பன்னிரண்டு கியர் ரோடு கேசட்டும் உட்காரும், இது தெரியாமல் புது வீல் வாங்கப் போகிறவர்கள் நிறையப் பேர், அந்த ஒரு வரியை எழுதினாலே உங்கள் வீல் போய்விடும்.